காற்று பிரிதல்

ஜுபைலில், மூன்றாவது மாடியில்,
குடல், வயிற்று அறுவைக்காரர்கள் படுத்திருக்கும் வார்டில்
தரை துடைப்பவன் நான்.
வேலைக்கு எடுத்தபோது
மொழிபெயர்ப்பும் இதில் சேர்த்தி என்று
யாரும் சொல்லவில்லை.

ஒன்பதாம் கட்டிலுக்கு உடையப்பன் வந்தது
செவ்வாய் பின்னிரவு.
சாரம் கட்டுகிறவன்.
ஆலையில் ஷட்டவுன் நேரம், ஒன்றரை மடங்கு சம்பளம்.
மூன்று நாள் வலியை
ஓமத்தண்ணீரில் கரைத்துக் குடித்திருக்கிறான்.
நாலாம் நாள் வயிறு டிரம் மாதிரி நிமிர்ந்துவிட்டது.
குடல் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டதாம்,
நான் மாப்பைப் பிழிவேனே, அப்படி.

டாக்டர் ஹைதம் ஒன்றரை அடி வெட்டி எடுத்துவிட்டு
மீதியை மீதியோடு தைத்தார்.
எடுத்ததை நான் பார்க்கவில்லை.
தியேட்டர் கழுவும் நேபாளி பார்த்தானாம்.
கத்தரிக்காய் நிறம் என்றான்.

மறுநாள் ரவுண்ட்ஸ்.
வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து
வெகுநேரம் காது கொடுத்தார் டாக்டர்,
பூட்டிய கதவுக்குப் பின்னால்
ஆள் இருக்கிறதா என்று கேட்பதுபோல.
பிறகு நிமிர்ந்து,
"கேஸ்?" என்றார்.

உடையப்பனுக்குக் கண் மிரண்டது.
"எம்மேல எந்தக் கேஸும் இல்ல சார்.
இக்காமா தை மாசம் வரைக்கும் இருக்கு."

சிஸ்டர் ஷைனி வாயைப் பொத்திக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.
மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு
ஆறு பேர் முன்னால்
அந்தக் கேள்விக்குப் போட்டுவிட
ஒரு மரியாதையான சட்டை தேடினேன்.
"அண்ணே, காத்து பிரிஞ்சுதான்னு கேக்குறாங்க."

இல்லை என்று தலையசைத்தான்,
ஃபெயிலான பையன் மாதிரி.

வியாழன், இல்லை. வெள்ளி, இல்லை.
நம்மிடம் அதற்கு அந்தச் சொல்தான் இருக்கிறது.
உயிருக்கும் அதுவே.
திருச்சி ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
கை தூக்கி நிற்பவர்களுக்கும் அதுவே.
இந்த மாடியின் பெயர்ப்பலகையை
நம்ம ஊர்க்காரன் எவனாவது எழுதியிருந்தால்
அதில் கடைசிச் சொல்லும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இரவு எட்டரைக்கு மங்கையர்க்கரசி கூப்பிடுவாள்.
முதல் கேள்வி: "சாப்பிட்டாச்சா?"
மூக்கில் குழாய், கையில் ஊசி,
பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை.
"ஆச்சு. சங்கரா மீன் கொழம்பு."
"குரல் ஏன் மூக்கால வருது?"
"ஏசி ஒத்துக்கல."
அடுத்த நாள் முட்டை ரெண்டு, ரசம்.
அதற்கடுத்த நாள் கோழி வறுவல்,
"காரந்தான் கொஞ்சம் தூக்கல்."
கட்டிலுக்கு அடியில் துடைத்துக்கொண்டிருக்கும்
எனக்குப் பசியெடுக்கும்.

பக்கத்துக் கட்டில் குல் ஜமான்,
டிரெய்லர் டிரைவர், பித்தப்பையை இழந்தவன்.
வார்டு எதற்காகக் காத்திருக்கிறது என்று
அவனுக்கும் தெரிந்துவிட்டது.
தொழுது முடித்ததும்
ஒன்பதாம் கட்டிலுக்காகவும் ஒருமுறை கையேந்துவான்.
மேலே இருப்பவனிடம்
என்ன வார்த்தையில் கேட்டானோ.

ஐந்தாம் இரவு ஷமால் அடித்தது.
ஜன்னல் முழுக்க மண்.
வழக்கமான நேரத்தில் போன்.
ஸ்பீக்கரில் அவள் பையனின் பீஸ் பற்றிப்
பேசிக்கொண்டிருந்தபோது,
போர்வைக்குள்ளிருந்து
நீளமாக,
வெட்கமே இல்லாமல்.

"முபாரக்!" என்று கத்தினான் குல் ஜமான்.
ஷைனி ஓடிவந்து
சார்ட்டில் நேரம் குறித்தாள்: எட்டு நாற்பது.
நான் வாளியைத் தட்டிவிட்டேன்,
வார்டெல்லாம் டெட்டால் தண்ணீர்.

"என்னங்க சத்தம்? அங்க காத்தா?"

"ஆமா புள்ள. நாலஞ்சு நாளா இல்ல. இப்பத்தான்."

"ஜன்னலச் சாத்திட்டுப் படுங்க, ஒடம்புக்கு ஆகாது."

"ஆகும்" என்றான்.
தலையணையை வயிற்றோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு
மெதுமெதுவாகச் சிரித்தான்,
தையல் பிரியாமல்.